முகம்கூடத் தெரியாது... ஆனாலும் 10 மணி நேர வரிசை! லீ குவான் யூ பொது அஞ்சலி சொல்லும் கணக்கு

துக்க வீட்டுக்குக் கிளம்பும்போது நம்மில் பெரும்பாலானோர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “கடைசியா ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்.” அப்படியிருக்க, முகத்தையே பார்க்க முடியாத ஓர் அஞ்சலிக்காக லட்சக்கணக்கானவர்கள் வெயிலிலும் நள்ளிரவிலும் மணிக்கணக்கில் நிற்பார்களா?

நின்றார்கள். 2015 மார்ச் மாதம் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ காலமானபோது, நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்ட அவரது பேழையைக் கடந்து சென்றவர்கள் சுமார் 4.54 லட்சம் பேர். பேழை மூடியிருந்தது, மேலே தேசியக் கொடி போர்த்தியிருந்தது. ஒருவருக்குக் கிடைத்தது சில நொடிகள். கூட்டம் உச்சத்தில் இருந்தபோது அந்தச் சில நொடிகளுக்காகக் காத்திருந்த நேரம் சுமார் 10 மணி.

“பத்து மணி நேரம் நின்னு, பத்து நொடி பார்க்கிறதுல என்ன இருக்கு?” என்று தோன்றலாம். ஒரு முன்னாள் தலைவருக்கான பொது அஞ்சலி எப்படி நடக்கிறது, எங்கே சிக்கலாகிறது, அந்த வரிசையை வைத்து ஒரு நாட்டின் மனநிலையை எடைபோட முடியுமா என்பதை இந்த நிகழ்வை வைத்தே பார்க்கலாம்.

அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது?

லீ குவான் யூ 1959 முதல் 1990 வரை 31 ஆண்டுகள் பிரதமர். அதன் பிறகும் மூத்த அமைச்சர், மதியுரை அமைச்சர் என்று 2011 வரை அமைச்சரவையில் இருந்தார். மறையும்போது கையில் இருந்த ஒரே அரசியல் பொறுப்பு, தஞ்சோங் பகார் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி. 1955-ல் முதன்முதலாக வென்ற அதே தொகுதி.

2015 பிப்ரவரி தொடக்கத்தில் கடுமையான நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மார்ச் 23 அதிகாலை 3.18 மணிக்கு உயிர் பிரிந்தது. வயது 91. சிங்கப்பூர் தனி நாடாகி 50 ஆண்டுகள் நிறைவடைய இன்னும் ஐந்து மாதங்கள்கூட இல்லை. ஏழு நாள் தேசிய துக்கம் அறிவிக்கப்பட்டது.

முதல் இரண்டு நாட்கள் குடும்பத்தாருக்கானவை. அதிபர் மாளிகையான இஸ்தானா வளாகத்துக்குள் அவரது உடல் வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 25 காலை, பேழை பீரங்கி வண்டியில் ஏற்றப்பட்டு நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அன்று 10 மணிக்குப் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது.

மார்ச் 28 இரவு 8 மணிக்குப் பொது அஞ்சலி முடிந்தது. மறுநாள் இறுதி ஊர்வலம்: 15.4 கிலோமீட்டர். கொட்டும் மழையில் சாலையின் இரு பக்கமும் மக்கள் நின்றார்கள். உலகத் தலைவர்கள் கலந்துகொண்ட இறுதி நிகழ்ச்சி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. பிரதமர் மோடியும் போயிருந்தார். அன்றைய தினத்தை இந்தியாவும் தேசிய துக்க நாளாக அறிவித்து, கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது. பிறகு மண்டாய் மின்மயானத்தில் தகனம்.

பொது அஞ்சலி வேறு, அரசு இறுதிச் சடங்கு வேறு

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். அரசு இறுதிச் சடங்கு என்பது பீரங்கி வண்டி, 21 குண்டு மரியாதை, இரங்கல் உரைகள், அழைக்கப்பட்ட விருந்தினர்கள் என்று நிமிடம் நிமிடமாகத் திட்டமிட்ட நிகழ்ச்சி. யார் எங்கே உட்கார வேண்டும் என்பதுவரை பட்டியல் இருக்கும்.

பொது அஞ்சலிக்கு அழைப்பிதழ் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அரசின் முக்கியமான ஒரு கட்டடத்தில் உடலை வைத்து, ‘வருகிற எல்லோரும் ஒரு முறை கடந்து போகலாம்’ என்று அரசு கொடுக்கும் வாக்குறுதி அது. பிரிட்டனில் 1965-ல் வின்ஸ்டன் சர்ச்சிலின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைக்கப்பட்டபோது மூன்று நாட்களில் 3.2 லட்சம் பேர் வந்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் அதிபர்களை நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்குக் கீழே வைப்பது வழக்கம். 2025 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டருக்கும் அப்படித்தான் நடந்தது.

வாக்குறுதி கொடுப்பது சுலபம். அதைக் காப்பாற்றுவதில்தான் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

வரிசைக் கணக்கு: மூணே விஷயம்தான்

எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும், எத்தனை பேர் அஞ்சலி செலுத்த முடியும் என்பதை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. கதவு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேழையைக் கடக்க முடியும்? ஒருவர் எத்தனை நொடி நிற்கிறார்?

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 25 காலை 10 மணி முதல் 28 இரவு 8 மணி வரை மொத்தம் 82 மணி நேரம். 4.54 லட்சத்தை அதால் வகுத்தால் மணிக்குச் சுமார் 5,500 பேர். நிமிடத்துக்கு 92 பேர். நொடிக்கு ஒன்றரைப் பேர். நடுவில் வரிசை நின்றுபோன நேரத்தைக் கழித்தால் வேகம் இன்னும் கூடும்.

இப்போது வேறு மாதிரி யோசித்துப் பாருங்கள். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஆளுக்கு 5 நொடி நின்று கும்பிட்டுவிட்டுப் போனால்? மணிக்கு 720 பேர்தான். 82 மணி நேரத்தில் 59,000 பேர். மீதி கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் வெளியே நின்றுகொண்டே இருந்திருப்பார்கள். ‘நிற்காமல் நகருங்கள்’ என்று ஊழியர்கள் சொல்வது மனசாட்சி இல்லாமல் அல்ல. முன்னால் இருப்பவர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நொடியும் பின்னால் இருப்பவர் கணக்கில் கழிகிறது.

முதலில் அறிவித்த நேரம், நான்கு நாட்களும் காலை 10 முதல் இரவு 8 வரை. அதாவது மொத்தம் 40 மணி நேரம். அதே வேகத்தில் போயிருந்தால் சுமார் 2.2 லட்சம் பேர்தான் உள்ளே போயிருக்க முடியும். வந்தவர்களில் பாதிக்கும் மேல் திரும்பிப் போயிருப்பார்கள். முதல் நாளே கூட்டத்தைப் பார்த்துவிட்டு, 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று அரசு மாற்றி அறிவித்தது. அந்த ஒற்றை முடிவுதான் கணக்கையே மாற்றியது.

காத்திருப்பு நேரத்துக்குள்ளும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மணிக்கு 5,500 பேர் நகரும் வரிசையில் 10 மணி நேரக் காத்திருப்பு என்றால், அந்தக் கணத்தில் வரிசையில் நிற்பவர்கள் தோராயமாக 55,000 பேர். ஒரு பெரிய கிரிக்கெட் மைதானம் நிரம்பும் கூட்டம், தெருவில் நிற்கிறது. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், நிழல் வேண்டும். இரவு வீடு திரும்ப வண்டி வேண்டும்.

வரிசையில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது?

சிங்கப்பூர் ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து வளைந்து நீண்ட வரிசை, பிறகு பாடாங் திடலிலிருந்து ஒழுங்குபடுத்தப்பட்டது. முதியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், சிறு குழந்தைகளோடு வந்தவர்கள் ஆகியோருக்குத் தனி வரிசை. மெட்ரோ ரயில்கள் இரவு முழுக்க ஓடின. தண்ணீர் பாட்டில், குடை, பிஸ்கட் என்று தன்னார்வலர்களும் கடைக்காரர்களும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மார்ச் மாத சிங்கப்பூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு ஒரு குடையின் மதிப்பு தெரியும்.

நாடாளுமன்றத்துக்கு வர முடியாதவர்களுக்காக நாடு முழுவதும் 18 இடங்களில் சமூக அஞ்சலி மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே பேழை கிடையாது. படம், பூ, இரங்கல் குறிப்பு எழுத ஒரு மேசை. அவ்வளவுதான். அங்கும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின. மையத்துக்கு வரும் கூட்டத்தைப் பிரிப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. இரங்கல் வீட்டு வாசலுக்கு அருகிலேயே வந்துவிடுகிறது.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் திணறல் இருந்தது. மார்ச் 27 வெள்ளிக்கிழமை இரவு, வேலை முடித்தவர்கள் மொத்தமாகக் கிளம்பி வர, பாதுகாப்பு கருதி வரிசையில் புதிதாகச் சேர்வதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. ‘தயவுசெய்து இப்போது வராதீர்கள்’ என்று துக்கத்தில் இருக்கும் மக்களிடம் ஓர் அரசு சொல்வது எளிதல்ல. ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியாக வேண்டும்.

உள்ளே வந்தால் சத்தம் இல்லை. பேழையைச் சுற்றி ராணுவ, காவல் அதிகாரிகள் தலைகுனிந்து, வாளின் முனை தரையைப் பார்க்கும்படி பிடித்துக் காவல் நின்றார்கள். வந்தவர்கள் குனிந்து வணங்கினார்கள். சிலர் கைகூப்பினார்கள், சிலர் சல்யூட் அடித்தார்கள், சிலர் அழுதார்கள். பிறகு வெளியே போகும் வழி.

சொதப்பினால் என்ன ஆகும்?

இந்தக் கணக்கைப் போடாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு வரலாற்றில் கசப்பான உதாரணம் மாஸ்கோ. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தபோது, உடல் வைக்கப்பட்ட மண்டபத்தை நோக்கி எல்லாத் தெருக்களிலிருந்தும் கூட்டம் திரண்டது. வழியை மறித்து நிறுத்தியிருந்த லாரிகளுக்கும் சுவர்களுக்கும் நடுவே, துருப்னயா சதுக்கம் அருகே நெரிசல். பலர் நசுங்கி இறந்தார்கள். எத்தனை பேர் என்பதை சோவியத் அரசு வெளியே சொல்லவே இல்லை. அஞ்சலி செலுத்தப் போனவர்களுக்கு அஞ்சலி செலுத்தக்கூட வழி இல்லாமல் போனது.

இன்னொரு உதாரணத்தில் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஏமாற்றம் இருந்தது. 2013 டிசம்பரில் நெல்சன் மண்டேலாவின் உடல் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடத்தில் மூன்று நாட்கள் வைக்கப்பட்டது. 1994-ல் அவர் அதிபராகப் பதவியேற்ற அதே இடம். அங்கே கண்ணாடி வழியாக முகத்தைப் பார்க்க முடிந்தது. படம் எடுக்க மட்டும் தடை. குறிப்பிட்ட இடங்களில் மக்களைத் திரட்டி அரசுப் பேருந்துகளில் மேலே அழைத்துப் போனார்கள். ஆனால் பகல் நேரத்தில் மட்டுமே அனுமதி. கடைசி நாளில் கூட்டம் எதிர்பார்ப்பைத் தாண்டியது. மணிக்கணக்கில் நின்ற ஆயிரக்கணக்கானோர் பார்க்காமலேயே திரும்பினார்கள். மூன்று நாட்களில் உள்ளே போனவர்கள் சுமார் 1 லட்சம்.

நாட்டின் பரப்பு, போக்குவரத்து, மக்கள்தொகை எல்லாம் வேறு வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஒன்று மட்டும் தெளிவு: இரவில் கதவைத் திறந்துவைப்பதா, மூடுவதா என்கிற நிர்வாக முடிவு, லட்சம் பேரின் நினைவில் அந்த நாள் எப்படிப் பதிகிறது என்பதை மாற்றிவிடும்.

வந்தவங்க எல்லாரும் ஆதரவாளர்களா?

இதுதான் முக்கியமான கேள்வி. லீ குவான் யூ எல்லோராலும் கொண்டாடப்பட்டவர் அல்ல. அவரது ஆட்சியில் விசாரணையின்றிச் சிறைவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் எதிர்க்கட்சியினர் மீது பாய்ந்தது. 1963-ல் நூற்றுக்கும் மேற்பட்ட இடதுசாரிகளும் தொழிற்சங்கத்தினரும் ஒரே வீச்சில் கைதானார்கள். 1966-ல் கைதான எதிர்க்கட்சியைச் சேர்ந்த சியா தை போ, எந்த வழக்கும் இல்லாமல் 23 ஆண்டுகள் தடுப்புக்காவலில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி.ஜெயரத்தினம், 1981 இடைத்தேர்தலில் வென்று எதிர்க்கட்சியின் ஒற்றைக் குரலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர். ஆளுங்கட்சித் தலைவர்கள் தொடுத்த அவதூறு வழக்குகளில் சிக்கி, 2001-ல் திவாலானவராக அறிவிக்கப்பட்டு பதவியையும் இழந்தார்.

அந்த அஞ்சலி வாரத்திலேயே, லீயை விமர்சித்து வீடியோ வெளியிட்ட 16 வயது சிறுவன் ஒருவன் கைது செய்யப்பட்டான். மத உணர்வைப் புண்படுத்தியது, ஆபாசப் படம் வெளியிட்டது என்று குற்றச்சாட்டுகள் பதிவாயின. துக்கத்தில் இருக்கும் நாட்டில் மாற்றுக் குரலுக்கு எவ்வளவு இடம் என்ற விவாதம் அப்போதே கிளம்பியது.

இன்னொரு பக்கமும் உண்டு. குடிசையிலும் நெருக்கடியான கடைவீடுகளிலும் பிறந்து, அரசு கட்டிய அடுக்குமாடியில் சொந்த வீட்டுக்குக் குடிபோன ஒரு தலைமுறை அந்த வரிசையில் நின்றது. சிங்கப்பூர்வாசிகளில் சுமார் 80 சதவீதம் பேர் அப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு லீயின் பெயர் கொள்கை விவாதம் அல்ல, வீட்டுச் சாவி.

அதே ஆண்டு செப்டம்பரில் பொதுத்தேர்தல் நடந்தது. 2011-ல் 60.1 சதவீதம் வாங்கிய ஆளும் மக்கள் செயல் கட்சி, 69.9 சதவீத வாக்குகளோடு 89 இடங்களில் 83-ஐப் பிடித்தது. பொன்விழா உற்சாகமும் தலைவரின் மறைவும் சேர்ந்து கைகொடுத்ததாகப் பலரும் பேசினார்கள். ஆனால் 2020 தேர்தலில் அதே கட்சி 61.2 சதவீதத்துக்கு இறங்கியது. வரிசையில் நின்ற நன்றி நிரந்தர வாக்காக மாறிவிடவில்லை.

ஆகவே, நீண்ட வரிசையைக் காட்டி ‘மக்கள் தீர்ப்பு சொல்லிட்டாங்க’ என்பது அவசரம். ‘எல்லாம் ஏற்பாடு செய்த கூட்டம்’ என்று ஒதுக்குவதும் அவசரம். வரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில், வேலை முடித்து நள்ளிரவில் வந்து நின்றவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? ஒருவரின் ஆட்சியை விமர்சித்துக்கொண்டே அவருக்கு விடை கொடுக்கவும் மனிதர்களால் முடியும்.

மன்னார்குடி வரை நீண்ட துக்கம்

லீயின் மறைவுக்கு இரங்கல் தெரிவித்து, திருவாரூர் மாவட்டம் மன்னார்குடி சுற்றுவட்டார கிராமங்களில் பேனர்கள் வைக்கப்பட்டன. காரணம் சுலபம்: அந்த ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகாத குடும்பங்களைத் தேட வேண்டியிருக்கும். அங்கிருந்து வந்த பணத்தில் மெத்தை வீடுகளும் படிப்பும் கல்யாணங்களும் நடந்திருக்கின்றன. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் நாடு என்ற பாசமும் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஆண்டே அதே நாடாளுமன்றக் கட்டடத்தில் இன்னொரு பொது அஞ்சலி. 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்த எஸ்.ஆர்.நாதன், தமிழர், 2016 ஆகஸ்ட் 22-ல் காலமானார். ஆகஸ்ட் 25-ம் தேதி, ஒரே நாள் பொது அஞ்சலி. மறுநாள் அரசு இறுதிச் சடங்கு. அந்த நிகழ்ச்சியில் அவருக்குப் பிடித்த ‘பொற்காலம்’ படப் பாடல் ஒன்று ஒலித்தது. பல ஊர் மண்ணைச் சேர்த்துப் பொம்மை செய்வதைப் பாடும் பாட்டு அது. பல இனங்கள் சேர்ந்து உருவான நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு எது?

சரி, எதுக்காக நின்னாங்க?

முகம் பார்க்க அல்ல, பேழை மூடியிருந்தது. படத்துக்காகவும் அல்ல, தொலைக்காட்சியில் இதைவிட நெருக்கமாகத் தெரிந்தது. வீட்டில் ஏசி அறையில் உட்கார்ந்தே முழு நிகழ்வையும் நேரலையில் பார்த்திருக்கலாம்.

துக்க வீட்டுக்குப் போகிறவர் அங்கே போய்ப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. விடுப்பு எடுத்து, பஸ் பிடித்து, வந்து நிற்கிறார். ‘நான் வந்தேன்’ என்பதுதான் அவர் கொடுப்பது. 10 மணி நேர வரிசையும் அதேதான். பேழைக்கு முன்னால் கிடைக்கும் சில நொடிகளில் யாராலும் எதையும் சொல்லி முடிக்க முடியாது. சொல்ல வேண்டியதை வரிசையில் நிற்கும்போதே, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடமும் கையைப் பிடித்திருக்கும் பிள்ளையிடமும் சொல்லி முடித்திருப்பார்கள்.

லீ குவான் யூ தனக்கு நினைவுச்சின்னங்கள் எழுப்புவதை விரும்பியவர் அல்ல. ஆக்ஸ்லி சாலையில் தான் வாழ்ந்த வீட்டைக்கூட, தன் காலத்துக்குப் பிறகு இடித்துவிட வேண்டும் என்று எழுதிவைத்தார். அந்த வீட்டை என்ன செய்வது என்பது 2017-ல் அவரது பிள்ளைகளுக்கு நடுவே பகிரங்கமான சண்டையாகவே வெடித்தது. அஞ்சலி வரிசையில் அப்படி எந்தத் தகராறும் வரவில்லை. 82 மணி நேரம் நீண்டு, மார்ச் 28 இரவு 8 மணிக்குக் கலைந்தது.